முகத்துக்கும் உண்டு சாம்பிள்

துணியின் முகத்தைப் பார்த்துப் பழகிய அளவுக்குத் தம் சொந்த முகத்தைப் பார்த்துப் பழகியவர்கள் திருப்பூரில் மிகக் குறைவு. நிட்டிங் மெஷினிலிருந்து துணி இறங்கியதும் அதை விளக்கு வெளிச்சத்தில் ஓடவிட்டு, ஓட்டை இருக்கிறதா, ஊசிக்கோடு விழுந்திருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்க்கிறோம். சாயம் ஏறி வந்ததும் நிறம் ஒத்திருக்கிறதா என்று பார்க்கிறோம். தைத்து முடித்த பின் செக்கிங் மேஜையில் ஒவ்வொரு பனியனையும் புரட்டிப் புரட்டிப் பிசிறு வெட்டித் தையலை இழுத்துப் பார்க்கிறோம். ஒரு பனியன் பெட்டிக்குள் போய்ச் சேர்வதற்குள் எத்தனை ஜோடிக் கண்கள் அதைப் பரிசீலித்திருக்கும் என்று கணக்கு வைத்தவர் இல்லை. இப்படிப்பட்ட ஊரில், பனியன் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் இருபது வருஷங்களுக்கு மேலாக உட்கார்ந்திருப்பவளாகிய நான், என் கண்ணோரத்துக் கோடுகளையும் கன்ன எலும்பின் மேல் காப்பிக் கறை போலப் படர்ந்திருந்த மங்கு என்னும் கருமைத் திட்டையும் கவனித்தது நாற்பத்து நான்காம் வயதில்தான். நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டியின் அருகே நின்று சாம்பிள் துணியைப் படம் எடுக்கக் கைப்பேசியை உயர்த்தியபோது, காமிரா தவறுதலாக என் பக்கம் திரும்பிக்கொண்டது. அந்த விளக்கு எதையும் மறைக்காது. வெளிநாட்டுப் பார்ட்டி நிராகரிக்கக்கூடிய துணியைக் காட்டுவது போலவே என் முகத்தையும் அது தயவு தாட்சணியமின்றிக் காட்டிவிட்டது.

வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். கோயம்புத்தூரில் படிக்கும் என் மகள் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ஊருக்கு வந்தபோது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு வெண்ணிறக் குப்பியை மேஜை மேல் வைத்தாள். “ரெட்டினால் சீரம்மா. ரொம்ப மைல்டானது. முதல் தடவை போடறவங்களுக்குன்னே பண்ணியிருக்காங்க” என்றாள். அதன் விலை ஒரு தையற்காரரின் ஒரு ஷிப்டுக் கூலியை ஒத்திருந்தது. விலையைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, கணக்குப் பிள்ளையின் வழக்கப்படி, குப்பியின் மேல் அச்சிட்டிருந்த எண்களைப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் அந்தச் சீரம் என்னும் சொல்லே என்னை மயக்கிற்று. ரத்தம் உறைந்த பின் மேலே தெளிந்து நிற்கும் நீரை டாக்டர்கள் சீரம் என்பார்கள். அழகுச் சாதனக் கடையின் சீரத்துக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. கிரீமைவிட நீர்த்த, வேலை செய்யும் பொருள் ஒன்றைக் குறிப்பிட்ட அளவில் சேர்த்த ஒரு திரவம், அவ்வளவே. இந்தக் குப்பியில் 30 மில்லிலிட்டர் இருந்தது. அதில் ரெட்டினால் 0.2 சதவீதம் என்று போட்டிருந்தது. பெருக்கிப் பார்த்தால், குப்பி முழுவதிலும் உள்ள ரெட்டினால் 60 மில்லிகிராம். ஓர் அரிசியின் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம். இதற்கா இவ்வளவு விலை என்று அங்கலாய்த்த எனக்கு, இன்னொரு கணக்கு பின்னால் தெரிய வந்தபோது ஆச்சரியம் தாங்கவில்லை. அங்கன்வாடிகளில் ஒரு வயது நிறைந்த குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயில் ஊற்றுகிறார்களே, வைட்டமின் ஏ திரவம், அதன் ஒரு தவணை 2 லட்சம் சர்வதேச அலகு. அதை எடையாக மாற்றினால் அதே 60 மில்லிகிராம் ரெட்டினால்தான்! என் மகள் வாங்கி வந்த சொகுசுப் பொருளும், அவள் சிறு பிள்ளையாக இருந்தபோது முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கிய சர்க்கார் மருந்தும் அடிப்படையில் ஒரே வஸ்து.

ஆம், ரெட்டினால் என்பது வைட்டமின் ஏ-யின் மறுபெயரே. வெண்ணெயிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் உயிர் வளர இன்றியமையாத ஏதோ ஒன்று கரைந்திருக்கிறது என்பதை 1913ஆம் ஆண்டு அமெரிக்காவில் எல்மர் மெக்காலமும் மார்கரீட் டேவிஸும் கண்டறிந்தார்கள். அதன் ரசாயன அமைப்பைத் தெளிவுபடுத்திய பால் காரருக்கு 1937இல் நோபல் பரிசு கிடைத்தது. கண்ணின் விழித்திரையில் அது செய்யும் வேலையை விளக்கிய ஜார்ஜ் வால்டுக்கு 1967இல் அப்பரிசு கிடைத்தது. விழித்திரைக்கு ஆங்கிலத்தில் ‘ரெட்டினா’ என்று பெயர். ரெட்டினால் என்ற பெயர் அதிலிருந்து பிறந்தது. மாலைக்கண்ணுக்கு ஆட்டு ஈரலைக் கொடுக்கச் சொன்ன நம் பழைய வைத்தியர்கள், பெயர் தெரியாமலே இந்த வஸ்துவைத்தான் பிரயோகம் செய்தார்கள். ஏனெனில் பிராணிகளின் உடலில் வைட்டமின் ஏ சேர்த்து வைக்கப்படும் களஞ்சியம் ஈரல். முருங்கைக்கீரையிலும் பப்பாளியிலும் காரட்டிலும் இருப்பது அதன் மூலப்பொருளாகிய கரோட்டின்; அதைத் தேவைக்கேற்ப வைட்டமினாக மாற்றிக்கொள்வது நம் சரீரத்தின் சாமர்த்தியம்.

இந்த வரலாற்றில் எங்கள் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. எங்களூரிலிருந்து அவினாசி, மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் வரும் குன்னூரில், 1918ஆம் ஆண்டு பாஸ்டர் நிலையத்தின் ஒரு சிறு அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற வைத்தியர் தொடங்கிய உணவு ஆராய்ச்சியே, பின்னர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958இல் ஹைதராபாதுக்குக் குடிபெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் விளங்குகிறது. சத்தில்லாத சாப்பாட்டினால் கண் மட்டுமின்றித் தோலும் கெடுகிறது என்ற விஷயம் அக்காலத்தில் இந்தப் பிரதேசத்து வைத்தியர்களின் கவனத்தில் இருந்தது. கொழும்பிலிருந்த லூசியஸ் நிகல்ஸ் என்ற வைத்தியர், முழங்கையிலும் முழங்காலிலும் சொரசொரப்பாக முள் முள்ளாக எழும்பும் ஒரு தோல் நோயை 1933இல் விவரித்து, கிரேக்க மொழியில் ‘தேரைத் தோல்’ என்று பொருள்படும் பிரினோடெர்மா என்ற பெயரை அதற்குச் சூட்டினார். வைட்டமின் ஏ குறைவே அதற்குக் காரணம் என்று அன்று கருதினார்கள். வேறு சத்துக்களின் குறைவும் அதில் சேர்ந்திருக்கிறது என்று பின்னால் தெரிந்தது. ஆயினும் வைட்டமின் ஏ-க்கும் தோலுக்கும் உள்ள பந்தம் அன்றே வெளிப்பட்டுவிட்டது. 1970 முதல் இந்தியா முழுவதும் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ ஊற்றும் திட்டம் வந்ததும், குன்னூரில் பிறந்த அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சியினால்தான்.

வாயில் ஊற்றிய பொருள் முகத்துக்கு ஏறியது வேறொரு கதை. வைட்டமின் ஏ-யின் அமில வடிவமாகிய டிரெட்டினாயினைப் பருக்களின் மேல் பூசினால் பருக்கள் அடங்குகின்றன என்பதை அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஆல்பர்ட் கிளிக்மன் 1969இல் தம் சகாக்களுடன் எடுத்துக்காட்டினார். 1971இல் அது அங்கே மருந்தாக அங்கீகாரம் பெற்றது. நடுத்தர வயதுப் பெண்கள் சிலர், பரு போனதோடு முகச் சுருக்கமும் குறைந்து தோல் வழுவழுப்பாயிற்று என்று சொல்லவே, அதைப் பின்தொடர்ந்து சென்ற கிளிக்மன், வெயிலினால் முதிர்ந்த தோலை டிரெட்டினாயின் ஓரளவு திருத்துகிறது என்று 1986இல் அறிவித்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1988இல் அதை ஒழுங்கான பரிசோதனையால் உறுதிப்படுத்தினார்கள். இந்தப் புகழுக்கு ஒரு நிழலும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் இருந்த கைதிகளின் தோலின் மேல் கிளிக்மன் 1950களிலிருந்து 1974 வரை நடத்திய எண்ணற்ற பரிசோதனைகள், மருத்துவ தர்மத்துக்கு விரோதமானவை என்று பிற்காலத்தில் கடுமையாகக் கண்டிக்கப்பட்டன. முகப்பூச்சு ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவருடைய தோல் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது, அதைப் பூசுகிறவர்களுக்குக் கொஞ்சம் அடக்கத்தைக் கொடுக்கும்.

டிரெட்டினாயின் வீரியமுள்ள மருந்து. வைத்தியர் சீட்டின்றி விற்கக்கூடாதது. ரெட்டினாலோ அதைவிடப் பல மடங்கு சாது. தோலுக்குள் இறங்கிய ரெட்டினால் முதலில் ரெட்டினால்டிஹைடு என்ற பொருளாகவும், பின்னர் டிரெட்டினாயினேயாகிய ரெட்டினாயிக் அமிலமாகவும், ஆக இரண்டு படிகளில் மாறிய பிறகே வேலையைத் தொடங்குகிறது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகவே மாறுவதால், அமிலத்தை நேராகப் பூசினால் உண்டாகும் எரிச்சலில் சிறு பங்கே உண்டாகிறது. சாதுவான பொருள் பயனற்ற பொருள் என்று நினைத்துவிடலாகாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்திலேயே 2007இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சராசரி வயது 87 ஆன 36 முதியோரின் ஒரு கையில் 0.4 சதவீத ரெட்டினால் லோஷனையும் மறு கையில் மருந்தில்லாத லோஷனையும் வாரத்துக்கு 3 முறை வரையில் 24 வாரங்கள் பூசினார்கள். ரெட்டினால் பட்ட கையின் நுண்ணிய சுருக்கங்கள் தெளிவாகக் குறைந்திருந்தன. எண்பத்தேழு வயதுத் தோலும் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறது என்றால், நாற்பத்து நான்கு வயதுத் தோல் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை அல்லவா?

அந்தக் கட்டளை என்ன? நம் மேல்தோலின் அடித்தட்டில் பிறக்கும் உயிரணுக்கள் மெல்ல மெல்ல மேலே ஏறி, காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத செதில்களாக உதிர்வதற்கு ஏறக்குறைய நான்கு வாரம் ஆகிறது; வயது ஏற ஏற இந்தப் பயணம் இன்னும் தாமதமாகிறது. ரெட்டினாயிக் அமிலம் உயிரணுக்களின் உட்கருவுக்குள் சென்று இந்தப் பயணத்தைத் துரிதப்படுத்துகிறது. மேல்தோலுக்குக் கீழே, பனியனுக்கு நூல் எப்படியோ அப்படித் தோலுக்கு உருவம் கொடுப்பது கொல்லாஜன் என்னும் நார்ப்பொருள். சூரிய கிரணங்கள் பட்டால் அதை அறுக்கும் நொதிகள் தோலில் பெருகுகின்றன. அந்த நொதிகளை அடக்கி, புதிய கொல்லாஜனை உண்டாக்கத் தூண்டுவதும் இதே அமிலம்தான். இந்த இரண்டாவது வேலை மாதக்கணக்கில் நடப்பது. ஒரு வாரத்தில் முகம் மாறும் என்று யாராவது சொன்னால், அவர் எதையோ விற்கிறார் என்று அறிந்துகொள்ளலாம்.

இவ்வளவும் படித்தும் குப்பியைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தச் சமயத்தில் பில் வாங்க ஆபீசுக்கு வந்தார் எங்கள் டையிங் மாஸ்டர். முப்பது வருஷமாகச் சாயத்தொட்டியின் ஆவியிலேயே வாழ்ந்தவர். பேச்சுவாக்கில் விஷயத்தைச் சொல்லி, “முகத்துல எடுத்ததும் பூசிப் பார்த்துடலாங்களா அண்ணா?” என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

“துணி வந்ததும் முழு லாட்டையும் மெஷின்ல ஏத்தீருவனுங்களா அம்மிணி? கையகலத் துண்டு வெட்டி லேப் டிப் போட்டு, பார்ட்டிக்குக் காட்டி, அவங்க சரின்னு சொன்னாத்தானுங்க பல்க் ஏத்தறது. துணி போனாத் துணி வரும். மூஞ்சி போனா?” என்றார்.

தோல் மருத்துவர்கள் சொல்வதும் இதையேதான். புதிய பூச்சு எதுவானாலும் முழங்கையின் உட்புறத்திலோ காதின் பின்புறத்திலோ ஒரு காசளவு இடத்தில் சில நாட்கள் பூசிப் பார்த்து, சிவப்போ தடிப்போ அரிப்போ வரவில்லை என்று கண்ட பிறகே முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தை மாதத்தின் தொடக்கத்தில், என் இடக்காதின் பின்னால் நான் போட்ட லேப் டிப்புக்கு நான்கு நாளில் அங்கீகாரம் கிடைத்தது. முதல் இரவு முகம் கழுவி, ஈரம் முற்றிலும் காயும்வரை கால் மணி நேரம் காத்திருந்தேன். ஈரத்தோலில் இது சீக்கிரம் ஊறிச் சென்று எரிச்சலைக் கூட்டும். பட்டாணி அளவு போதும் என்பது மகளின் உத்தரவு. காய்ந்த பட்டாணியா, ஊறிய பட்டாணியா என்ற நியாயமான சந்தேகத்துக்கு அவள் பதில் சொல்லாமையால், கணக்குப் பிள்ளையின் சிக்கனத்தோடு காய்ந்த பட்டாணியையே பிரமாணமாகக் கொண்டேன். நெற்றி, இரு கன்னம், முகவாய் என்று புள்ளி வைத்துப் பரப்பி, இமைகளையும் மூக்கோரத்தையும் உதட்டோரத்தையும் விலக்கினேன். அங்கெல்லாம் தோல் மெலிந்தது, சீக்கிரம் வெடிப்பது. மேலே மணமில்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் ஒரு பூச்சு. புதிதாகத் தொடங்குபவர்கள் அதை ரெட்டினாலுக்கு முன்னும் ஒருமுறை, பின்னும் ஒருமுறை பூசுவது இன்னும் பாதுகாப்பு. வாரத்துக்கு இரண்டே இரவுகள்; மற்ற ஐந்து இரவுகளும் தோலுக்கு விடுமுறை.

இரண்டு வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதே நல்ல செய்தி என்பது எனக்கு அப்போது புரியவில்லை. மூன்றாம் வாரத்தில் பல்லடத்தில் ஓர் உறவுக்காரக் கல்யாணம் வந்தது. அதற்குள் முகத்தைச் சற்று முடுக்கிவிடலாம் என்ற துர்ப்புத்தி தோன்றவே, தொடர்ந்து மூன்று இரவுகள், ஒன்றுக்கு இரண்டு பட்டாணியாகப் பூசினேன். நான்காம் நாள் காலையில் மூக்கின் இருபுறமும் தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்தது. கன்னம் சிவந்து, சலவைக்குப் போய்ச் சுருங்கிய பனியன் போல இறுக்கிப் பிடித்தது. ரசத்தின் ஆவி பட்டாலும் எரிந்தது. மண்டபத்து வாசலிலேயே பெரியம்மா ஒருத்தி, “ஏங்கண்ணு, மூஞ்சியெல்லாம் இப்பிடி வெந்து கிடக்குது? வெயில்ல அலைஞ்சியா?” என்று ஊர் கேட்க விசாரித்தாள். மறுநாள் ஆபீசுக்கு வந்த மாஸ்டர் என்னைப் பார்த்ததும் பில்லை மறந்துவிட்டு, “பயோ வாஷ் கொஞ்சம் கூட ஓடிருச்சாட்ட இருக்குதுங்களே அம்மிணி!” என்றார்.

எங்களூர்க்காரர்களுக்கு இந்த ஒரு வாக்கியமே போதும். மற்றவர்களுக்காக விரித்துச் சொல்கிறேன். பருத்தித் துணியின் மேல் எழும்பி நிற்கும் நுண்ணிய பஞ்சு இழைகளை நீக்கி அதை வழுவழுப்பாக்கும் பொருட்டு, செல்லுலேஸ் என்னும் நொதி கலந்த வெந்நீரில் துணியை ஓடவிடுவதற்கே பயோ வாஷ் என்று பெயர். சூடு 50, 55 டிகிரி, நீரில் இலேசான அமிலத்தன்மை, அளவான நேரம் என்ற எல்லைக்குள் நடந்தால் துணி பட்டுப்போல் வரும். நொதியின் அளவோ நேரமோ கூடினால், மேலிழையைத் தின்ற அதே நொதி நூலையும் தின்னத் தொடங்கி, துணியின் எடையும் பலமும் குறைந்து, இழுத்தால் கிழியும். நேரம் முடிந்ததும் மாஸ்டர் சூட்டை ஏற்றி நொதியைச் செயலிழக்கச் செய்துவிடுவார். என் முகத்துக்கும் அவர் தொட்டிக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கடைசி இடத்தில்தான் இருந்தது. தோலுக்குள் இறங்கிவிட்ட ரெட்டினாலை நிறுத்துவதற்கு எந்தச் சூடும் இல்லை, எந்த உப்பும் இல்லை. அது தன் வேலையைத் தானே முடித்துக்கொள்ளும் வரையில் காத்திருக்க வேண்டியதுதான். நிறுத்த முடியாத ஒன்றை ஏற்றும்போதே அளந்து ஏற்ற வேண்டும் என்ற பாடத்தை, உரிந்த மூக்கோடு கற்றுக்கொண்டேன்.

பத்து நாட்கள் சீரத்தை ஒதுக்கிவைத்து, சோப்பை விட்டு, மாய்ஸ்சரைசரை மட்டும் பூசினேன். போர்த் தண்ணீரில் முகம் கழுவுவதையும் நிறுத்தினேன். உப்பு மிகுந்த எங்களூர் நிலத்தடி நீர் ஏற்கெனவே வறண்ட தோலை இன்னும் வறளச் செய்கிறது என்பது என் அனுபவம். பிறகு போய்ப் பார்த்த தோல் மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்றை அழுத்திச் சொன்னார். வெள்ளைத் தோலில் எரிச்சல் சிவந்து மறையும். நம் போன்ற மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் எரிச்சல் ஆறிய இடத்தில் கருமை தங்கிவிடக்கூடும், அது மறைய மாதங்கள் ஆகும். மங்கைப் போக்கவென்று பூசிய மருந்தே புதிய மங்கை உண்டாக்கும் விபரீதம் இப்படித்தான் நேர்கிறது. ஆகவே நமக்கு மென்மை என்பது சொகுசான விருப்பம் அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதியே என்றார். ஐரோப்பிய ஒன்றியம்கூட 2024ஆம் ஆண்டின் விதியொன்றினால் முகப்பூச்சுகளில் ரெட்டினாலை 0.3 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறது. சதவீதம் ஏற ஏற வீரம் என்று எண்ணிக் கடைகளில் 1 சதவீதக் குப்பியைத் தேடும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

மென்மையானது என்று குப்பியில் எழுதுவதற்கு உற்பத்தியாளர்கள் கையாளும் உபாயங்கள் சில. சதவீதத்தைக் குறைப்பது ஒன்று. ரெட்டினாலை நுண்ணிய உறைகளுக்குள் அடைத்து மெல்ல மெல்லக் கசியவிடுவது ஒன்று. இன்னும் ஒரு படி கூடுதலாக மாற வேண்டிய ரெட்டினைல் பால்மிடேட் என்ற பலவீனமான உருவத்தைச் சேர்ப்பது ஒன்று. தோலை ஆற்றும் செரமைடு, நியாசினமைடு, கிளிசரின் முதலியவற்றைக் கூடச் சேர்ப்பது ஒன்று. வாங்கும்போது இவற்றையும், குப்பி ஒளி புகாததா, காற்றுப் புகாத பம்பு உடையதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒளியிலும் காற்றிலும் ரெட்டினால் சீக்கிரம் கெட்டுவிடும். தெளிந்த கண்ணாடிக் குப்பியில் அழகாகத் தெரியும் சீரம் பெரும்பாலும் அழகோடு சரி.

இரவில் மட்டும் பூசச் சொல்வதற்கும் காரணம், ரெட்டினால் ஒளியில் கெட்டுவிடுவதே. பகலில் செய்ய வேண்டியது வேறொன்று. அது இல்லாமல் இரவுப் பூச்சு முழுவதும் விழலுக்கு இறைத்த நீர். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 11 டிகிரியில் இருக்கும் எங்களூருக்கு நேர் தலைக்கு மேலே சூரியன் வருஷத்துக்கு இருமுறை, ஏப்ரல் மாதப் பிற்பகுதியிலும் ஆகஸ்டு மாதப் பிற்பகுதியிலும் வந்து நிற்கிறான். அவினாசி சாலையில் ஸ்கூட்டரில் போகும் பெண்கள் கண் மட்டும் தெரியத் துப்பட்டாவைச் சுற்றிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். துணியூர்க்காரி என்ற முறையில் ஒன்று சொல்வேன்: எல்லாத் துணியும் வெயிலைத் தடுப்பதில்லை. நெருக்கமாகப் பின்னிய, ஜி.எஸ்.எம். என்னும் கனக் கணக்கில் கூடிய, அடர்ந்த நிறமுள்ள துணி நன்றாகத் தடுக்கும். மெல்லிய, வெளிர்ந்த, இழுத்துக் கட்டிய துப்பட்டா வெயிலுக்கு நிறையவே வழிவிடும். ஆகையால் துணிக்குள்ளும் சன்ஸ்கிரீன் வேண்டும். மங்கு உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு சேர்ந்த, இலேசான நிறமுடைய சன்ஸ்கிரீனைத் தேர்ந்தெடுப்பது நலம்; ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் மாநிறத் தோலில் கருமையைக் கூட்டுகிறது.

யார் இதைத் தொடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்க எண்ணியிருப்பவர்களும் ரெட்டினாலை விலக்க வேண்டும். இதே குடும்பத்தைச் சேர்ந்த மாத்திரைகள் சிசுவைக் கடுமையாக ஊனப்படுத்துவது திட்டமாகத் தெரிந்த உண்மை. பூச்சிலிருந்து உடலில் சேர்வது சொற்பமே என்றாலும், சந்தேகத்தின் பலனைச் சிசுவுக்குக் கொடுப்பதே மருத்துவ மரபு. கலியாணமான கையோடு வேலைக்கு வரும் இளம்பெண்கள் நிறைந்த எங்கள் தையல் ஹால்களில் இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னொன்றையும் அதைவிட உரக்கச் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் ‘மூஞ்சி வெளுக்கற கிரீம்’ என்று கேட்டு வாங்குகிறவற்றில் டிரெட்டினாயினோடு ஸ்டீராய்டும் வெளுக்கும் ரசாயனமும் கலந்த களிம்புகள் உண்டு. மருத்துவர் குறிப்பிட்ட நோய்க்குக் குறிப்பிட்ட வாரங்களுக்கு எழுதித் தருவதை, தோழியின் சிபாரிசில் மாதக்கணக்கில் பூசினால், முகம் முதலில் பளபளத்து, பின்பு தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிய, மயிர் முளைத்து, வெயில் பட்டாலே எரியும் நிலைக்கு வந்துவிடும். இந்தக் கேட்டைக் கண்டே ஸ்டீராய்டுப் பூச்சுகளையும் 2018இல் சர்க்கார் மருத்துவர் சீட்டுப் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. ரெட்டினாலும் அந்தக் களிம்பும் ஒன்றென்று நினைப்பது, மோரும் சுண்ணாம்பு நீரும் ஒன்றென்று நினைப்பது போல.

“இதெல்லாம் எதுக்கு? நாங்க நலங்கு மாவுலதான் வளர்ந்தோம்” என்று என் அத்தை சொன்னதை அலட்சியம் செய்ய முடியாது. அந்த மாவில் பச்சைப்பயறோடும் கஸ்தூரி மஞ்சளோடும் சேர்க்கும் கார்போகரிசி, வடமொழியில் பாகுசி எனப்படும் செடியின் விதை. அதிலிருந்து 1966இல் இந்திய ரசாயனிகள் பிரித்தெடுத்த பாகுசியால் என்ற பொருள், இன்று ரெட்டினாலுக்கு மாற்றாக உலகெங்கும் குப்பிகளில் விற்கப்படுகிறது. 2019இல் வெளியான ஒரு சிறு பரிசோதனையில், 44 பேர் 12 வாரங்கள் பூசிப் பார்த்ததில், அரைச் சதவீதப் பாகுசியால் அரைச் சதவீத ரெட்டினாலுக்கு ஈடாகச் சுருக்கத்தையும் கருமையையும் குறைத்தது; தோல் உரிவதும் எரிவதும் ரெட்டினால் பூசியவர்களுக்கே அதிகம். ஆனால் அத்தையின் மாவே சீரம் ஆகிவிடாது. அதே விதையில் சோராலன் என்ற பொருளும் இருக்கிறது. தோலை வெயிலுக்கு மிகக் கூச்சப்படுத்துவது அது. விதையை அரைத்து அப்பிக்கொண்டு மொட்டை வெயிலில் நடந்தால் நன்மைக்குப் பதில் கொப்புளம்தான் மிஞ்சும். பாட்டிகள் நலங்கு மாவை நீர்விட்டுக் கழுவிக் குளித்துவிட்டு நிழலில் இருந்தார்கள் என்பதையும் நாம் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மாசி பிறந்து சில நாட்களுக்கெல்லாம் மறுபடி தொடங்கினேன். வாரம் இரண்டு இரவு, காய்ந்த பட்டாணி ஒன்று. ஒரு மாதம் கழித்து மூன்று இரவு. இந்தச் சித்திரை நடுவில், தொடக்கத்திலிருந்து எண்ணினால் பதினைந்து வாரம் ஆகிறது. அதே விளக்குப் பெட்டியின் அருகில் போய் நின்று, இந்த முறை வேண்டுமென்றே காமிராவை என் பக்கம் திருப்பினேன். தோலின் சொரசொரப்பு குறைந்திருக்கிறது. மூக்கின் மேலிருந்த கரும்புள்ளிகள் பெரும்பாலும் போய்விட்டன. மங்கு ஓரங்களில் சற்று வெளுத்திருக்கிறது, மறையவில்லை. அது வெயிலும் ஹார்மோனும் பரம்பரையும் சேர்ந்து நெய்த துணி, ஒரு குப்பிக்குக் கட்டுப்படாது. கண்ணோரத்துக் கோடுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றை ஆறு மாதம் கழித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். படத்தை மாஸ்டரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, துணியைப் பார்ப்பது போலவே சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “ஷேடு ஓக்கேங்க அம்மிணி. அவசரப்படாம ஓட்டுங்க” என்று சொல்லிப் பில்லை நீட்டினார்.

புதிதாகத் தொடங்க நினைக்கும் வாசகிகளுக்கும் வாசகர்களுக்கும் நானும் அதையே சொல்கிறேன். தை மாதம் திறந்த அந்த 30 மில்லி குப்பியில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது.